கேள்விக்குறிக்குக் காத்திருந்த பறவை

எட்கர் ஆலன் போவின் ‘தி ரேவன்’ எனக்குப் பரீட்சைப் பாடமாகத்தான் அறிமுகமானது. எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தில் அமெரிக்க இலக்கியம் என்று ஒரு தாள். விட்மன், டிக்கின்சன், ஃப்ராஸ்ட் வரிசையில் போவுக்கும் ஓர் இடம். 18 பத்திகள், பத்திக்கு 6 வரிகள், ஆக 108 வரிகள். யாப்பு என்ன, இயைபு எங்கே விழுகிறது, பத்திகள் எந்த ஒலியில் முடிகின்றன என்று கேள்விகளுக்கு விடை தயார் செய்தோம். எங்கள் பேராசிரியை உரக்க வாசித்தபோது மின்விசிறிச் சத்தத்தையும் மீறி அந்தத் தாளம் வகுப்பை ஆட்கொண்டது உண்மை. ஆனால் பயம் வரவில்லை. லெனோர் என்ற பெண்ணைப் பறிகொடுத்தவன் மார்கழிக் குளிரில், நள்ளிரவில், ஒரு அண்டங்காக்கையோடு பேசுகிறான். ‘இனி என்றுமில்லை’ என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்தான் அதற்குத் தெரியும். அதையே அது திரும்பத் திரும்பச் சொல்ல, அவன் உடைந்துபோகிறான். இதில் திகில் எங்கே இருக்கிறது என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. எல்லோருக்கும் இருபதை ஒட்டிய வயது. வீட்டில் யாரையும் இழந்திராதவர்களே அந்த வகுப்பில் அதிகம்.

1845 ஜனவரி 29 அன்று நியூயார்க்கின் ‘ஈவினிங் மிரர்’ நாளிதழில் அந்தக் கவிதை வந்தது. ஒரே நாளில் போ ஊரறிந்த மனிதரானார் என்று சொல்லலாம். தெருவில் அவரைப் பார்த்த பிள்ளைகள் இறக்கை அடிப்பதுபோல் கையை ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்கள் என்றுகூடக் கதை உண்டு. கைக்கு வந்த பணமோ சொற்பம். 9 டாலர் என்பார் சிலர், 15 டாலர் என்பார் சிலர். அப்போது அவர் மன்ஹாட்டனின் வடபகுதியில், இன்றைய 84ஆம் தெரு மேற்கை ஒட்டியிருந்த பிரென்னன் குடும்பத்தாரின் பண்ணை வீட்டில் குடியிருந்தார். அந்த வீடு பிற்பாடு இடிக்கப்பட்டுவிட்டது. அவர் அறையில் இருந்த கணப்பின் மேல்பலகையை மட்டும் யாரோ காப்பாற்றி வைத்தார்கள். அது இன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இந்தப் பலகையைப் பற்றி மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கவிதை எனக்குள் இறங்கியது 2009 அக்டோபரில், சென்னை வீட்டில், ஒரு கணினித் திரை வழியாக. போ பிறந்து 200 ஆண்டுகள் நிறைந்த வருஷம் அது. 1849இல் அவர் பால்டிமோரில் இறந்தபோது அடக்கத்துக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தக் குறையைத் தீர்க்கவென்றே 2009 அக்டோபரில் பால்டிமோர்க்காரர்கள் அவருக்கு இன்னொரு முறை இறுதிச் சடங்கு நடத்தினார்கள், இந்தத் தடவை கூட்டம் நிறைந்து. நியூஜெர்சியில் இருந்த என் கல்லூரித் தோழி இதையெல்லாம் எனக்கு எழுதிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் போனில் கூப்பிட்டாள்.

“ரேவன் ஞாபகம் இருக்காடி? அதுக்குள்ளயே நடந்து போகலாம், வர்றியா? செகண்ட் லைஃப்ல ஒருத்தங்க அந்த வீட்டையே கட்டி வெச்சிருக்காங்க. நாளைக்கு ராத்திரி எனக்கு ஒம்பது மணி, உனக்குக் காலைல ஆறரை. ஹெட்போன் கண்டிப்பா போட்டுக்கோ.”

செகண்ட் லைஃப் பற்றி இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது, அன்று பத்திரிகைகள் எல்லாம் அதைப் பற்றித்தான் எழுதின. சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள லிண்டன் லேப் என்ற நிறுவனம் 2003இல் திறந்துவைத்த மெய்நிகர் உலகம் அது. வெல்லவோ தோற்கவோ அங்கே ஒன்றுமில்லை. நிறுவனம் தந்தது நிலமும் வானமும் கடலும். வீடு, மரம், நாற்காலி, சட்டைப் பொத்தான் வரை மற்ற அனைத்தும் அங்கே வந்து போகிறவர்கள் தாங்களே செய்தவை. கனசதுரம், உருளை, கோளம் போன்ற அடிப்படை வடிவங்களை ‘பிரிம்’ என்பார்கள். அன்று அவற்றை நீட்டி, வளைத்து, ஒட்டி, மேலே படத்தைப் போர்த்திப் பொருள்களை உண்டாக்க வேண்டியிருந்தது. ஒரு ‘ரீஜன்’ என்பது 256 மீட்டருக்கு 256 மீட்டர் நிலம். அதில் அன்று 15,000 பிரிம்களுக்குத்தான் இடம் இருந்தது. தனித் தீவாக ஒரு ரீஜன் வேண்டுமென்றால் 2009இல் மாதம் 295 டாலர் வாடகை. அங்கே நடமாட நமக்கு ஓர் உருவம் உண்டு, அவதார் என்று பெயர். அந்த நாளில் முதற்பெயரை நாமே வைத்துக்கொள்ளலாம், குடும்பப் பெயரை மட்டும் அவர்கள் தரும் பட்டியலிலிருந்துதான் பொறுக்க வேண்டும். அதனால் முன்பின் தெரியாதவர்கள்கூட அங்கே பங்காளிகள் ஆனார்கள்.

என் இணைய வேகத்துக்கு அந்த உலகம் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. அது இந்தக் கண்காட்சிக்கு வாய்ப்பாகப் போயிற்று. முதலில் இருட்டு. பிறகு சாம்பல் நிறத்தில் வெறும் பெட்டிகளும் பலகைகளும். மேற்பரப்பில் மங்கலாக ஏதோ படர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் துலங்கி, அது பனி மூடிய ஒரு மேடு என்று புரிந்தது. மனிதர்கள் இன்னும் தாமதமாக வந்தார்கள். அவதாரின் உருவம் முழுதாக வந்து சேரும் வரை அந்த இடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு வெண்புகை சுழன்றுகொண்டிருக்கும். தலைக்கு மேல் பெயர் மட்டும் மிதக்கும். புகையும் பெயருமாக ஏழெட்டுப் பேர் அந்தப் பனியில் நின்றதைப் பார்த்தபோது கட்டியவரே திட்டமிட்டுச் செய்தது என்றுதான் நினைத்தேன். அதில் ஒரு புகைக்குள்ளிருந்து என் தோழி கறுப்புக் கவுனில் வெளிப்பட்டு, “வந்துட்டியா, உள்ள போலாம்” என்றாள்.

முதல் கூடம் எல்லா அருங்காட்சியகங்களையும் போலத்தான் இருந்தது. அந்த இடத்தைக் கட்டியவர் இந்தக் கவிதைக்குப் படம் வரைந்தவர்களை வரிசைப்படுத்தியிருந்தார். 1858இல் டென்னியல், ‘ஆலிஸ்’ கதைகளுக்குப் படம் போட்ட அதே டென்னியல்தான். 1875இல் மல்லார்மேயின் பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்காக மானே. பிறகு குஸ்தாவ் டோரே. 1883 ஜனவரியில் டோரே காலமான பிறகுதான் அவருடைய ரேவன் படங்கள் நூலாக வந்தன. கடைசி வேலையே மரணத்தைப் பற்றியதாக அமைந்துவிட்டது. லிவர்பூலில் பிறந்து, தெருத்தரையில் சுண்ணக்கட்டியால் படம் போட்டுப் பிழைத்த ஜேம்ஸ் கார்லிங் இதே கவிதைக்கு வரைந்த படங்கள் ரிச்மண்டில் உள்ள போ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. டோரேயின் தேவதைக் கூட்டங்களைவிடக் கார்லிங்கின் முரட்டு இருட்டுத்தான் எனக்குக் கவிதைக்குப் பக்கத்தில் நிற்பதாகப் படுகிறது. ஆனாலும் கூடத்தில் நான் அதிக நேரம் நிற்கவில்லை. சுவரில் மாட்டிய படத்தைப் பார்க்கப் புத்தகம் போதும்.

வீடு அந்தக் கூடத்துக்குப் பின்னால், மேட்டின் உச்சியில் இருந்தது. ஒரே ஓர் அறைதான் திறந்திருந்தது. கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த திரைச்சீலைகள் காற்றில்லாமலே மெல்ல அசைந்தன. கணப்பில் நெருப்பு அணைந்து கங்கு மட்டும் கனன்றது. அதிலிருந்து ஒன்றிரண்டு பொறிகள் எழுந்து தரையை எட்டும் முன் அவிந்தன. மெத்தை வைத்த நாற்காலி, அதன் கையில் கவிழ்த்து வைத்த புத்தகம். கதவுக்கு மேலே பல்லஸ் அதீனாவின் மார்பளவுச் சிலை. அதன் தலையில் இன்னும் பறவை இல்லை. ஹெட்போனில் மழையும் இல்லை, இசையும் இல்லை. அந்த நிசப்தத்துக்குப் பழகிய பிறகு, கதவில் யாரோ தட்டினார்கள். பலமாக அல்ல, விரல் கணுவால் தொட்டதுபோல. என் சென்னை வீட்டு வாசலைத்தான் முதலில் திரும்பிப் பார்த்தேன்.

கதவைக் கிளிக் செய்தால் திறக்கும். திறந்தால் எதிரே எதுவும் கிடையாது. வந்த வழியில் பார்த்த பனி, மேடு, வானம் எல்லாம் மறைந்து, முழுக் கறுப்பு. கதவுக்கு வெளியே பிரம்மாண்டமான கறுப்புப் பெட்டி ஒன்றை நிறுத்தியிருந்தார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். வாசற்படியில் ஒரு சீட்டு கிடந்தது. அதில் ‘ஒரு பெயரைச் சொல்லுங்கள்’ என்ற வேண்டுகோள் மட்டும். தோழி சாட் பெட்டியில் அவளுடைய பாட்டியின் பெயரை அடித்தாள். சற்றுக் கழித்து அதே பெயர் அந்த இருட்டிலிருந்து எங்கள் திரையில் திரும்பி வந்தது. சொன்னது யார் என்று காட்டும் இடம் காலியாக இருந்தது. கவிதையிலும் இதுதான் நடக்கிறது. அவன் இருட்டைப் பார்த்து அவள் பெயரை முணுமுணுக்கிறான், எதிரொலி அதைத் திருப்பித் தருகிறது, வேறொன்றும் இல்லை. செகண்ட் லைஃபின் நிரல்மொழியைக் கற்கத் தொடங்குகிறவர்கள் ஆரம்பத்திலேயே எழுதிப் பார்க்கும் பயிற்சி, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். அந்தப் பாலபாடத்தைக் கொண்டுபோய் இந்தக் கவிதையின் சரியான இடத்தில் பொருத்தியவரின் வாசிப்பு எனக்கு மலைப்பாக இருந்தது. நான் அந்தக் கதவில் யார் பெயரையும் சொல்லவில்லை. அப்பா தவறி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

பிறகு சன்னல் திறந்தது, பறவை வந்தது. வந்து சிலையின் தலையில் உட்கார்ந்தது. பெரிய சாகசமெல்லாம் காட்டவில்லை. அவ்வப்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கும், அவ்வளவே. அறையில் பத்துப் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டோம். முதலில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரோ ஒருவர் ஏதோ கேட்டார், பறவை அந்தச் சொல்லைச் சொன்னது. எல்லோருக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. என் அணி இந்த வருஷம் ஜெயிக்குமா, என் கடன் அடையுமா, என் முதலாளி திருந்துவாரா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் அதே சொல். சிரிப்பு பொங்கியது. கவிதையில் அவனும் சிரிப்பில்தான் தொடங்குகிறான் என்பதை நான் அந்த நேரம் வரை கவனித்ததே இல்லை. பறவையின் மிடுக்கைப் பார்த்து அவன் முகத்தில் புன்னகை வருகிறது. பெயர் என்ன என்று வேடிக்கையாகத்தான் முதல் கேள்வியைக் கேட்கிறான்.

சிரிப்பு தானாகவே வடிந்தது. கொஞ்சம் பேர் வெளியேறினார்கள். அப்போது நடந்ததை எப்படியாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும். செகண்ட் லைஃபில் ஒருவர் தட்டச்சு செய்தால் அவருடைய அவதார் இரண்டு கையையும் முன்னால் தூக்கிக் காற்றில் விரல்களை ஓட்டும். விசைப்பலகைச் சத்தம் எல்லோருக்கும் கேட்கும். என்ன அடிக்கிறார் என்பது அனுப்பும் வரை தெரியாது. கணப்பின் அருகே கம்பளிக் கோட்டு அணிந்த ஓர் அவதார் நின்றிருந்தது. அதன் கைகள் எழுந்தன. சத்தம் கேட்டது, நீண்ட நேரம் கேட்டது. பிறகு கைகள் தாழ்ந்தன. திரையில் எந்த வரியும் வரவில்லை. மறுபடி எழுந்தன, மறுபடி தாழ்ந்தன. எழுதுகிறார், அழிக்கிறார். பறவை தலையைச் சாய்த்துக் காத்திருந்தது. சற்று நேரத்தில் இன்னொரு மூலையில் வேறொருவரின் கைகளும் அப்படியே எழுந்து இறங்கின. அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் பதில் என்னவென்று தெரியும். பதில் சொல்லப்போவது சில வரி நிரல் என்பதும் தெரியும். அப்படியிருந்தும் அந்தக் கேள்வியை அனுப்பிவிட அவர்களால் முடியவில்லை.

ஹெட்போனுக்கு வெளியே சென்னையில் விடிந்துவிட்டது. பால்கனிக் கம்பியில் காக்கை வந்து கரைந்தது. அமாவாசைக்குச் சோறு வைத்துவிட்டு, “அப்பா வந்து எடுத்துட்டாரு” என்று அம்மா சொல்லும் அதே காக்கை. அம்மாவின் காக்கையிடம் ஒரு பதில் இருந்தது, அதைக் கொண்டு அவள் அன்றைய நாளைக் கடந்தாள். திரையில் இருந்த பறவையிடம் அதற்கு எதிரான பதில் இருந்தது. இரண்டு பறவைகளிடமும் நாம் கேட்பது ஒரே கேள்விதான்.

1846இல் போ ஒரு கட்டுரை எழுதினார். இந்தக் கவிதையை எப்படிக் கட்டினேன் என்று கணக்கு வாத்தியார் போல ஒவ்வொரு படியாக விளக்கியது அது. அதை முழுக்க நம்ப வேண்டியதில்லை, எழுதி முடித்த பிறகு சொல்லும் காரணங்கள் எப்போதும் கொஞ்சம் ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு செய்திகள் முக்கியமானவை. பகுத்தறிவு இல்லாத, ஆனால் பேசத் தெரிந்த ஓர் உயிர் தனக்குத் தேவைப்பட்டது என்கிறார். முதலில் கிளியைத்தான் நினைத்தாராம், பிறகுதான் அண்டங்காக்கைக்கு மாறினார். இரண்டாவது, அந்த மனிதன் பதில் தெரிந்துகொண்டேதான் கேட்கிறான், தன்னைத்தானே வதைத்துக்கொள்ளும் ஆசை அவனைக் கேட்க வைக்கிறது என்கிறார். கவிதைக்குள்ளேயே இதற்குச் சாட்சி உண்டு. துக்கப்பட்ட யாரோ ஓர் எசமானனிடம் கேட்டுக் கேட்டு இந்த ஒற்றைச் சொல்லை மனப்பாடம் செய்திருக்கிறது, அதற்கு வேறெதுவும் தெரியாது என்று அவனே முடிவுக்கு வருகிறான். அதாவது, இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டான். கண்டுபிடித்த பிறகுதான் லெனோரை மறுமையில் காண்பேனா என்று கேட்கிறான்.

இயந்திரங்களின் உள்ளே எட்டிப்பார்ப்பது போவுக்குப் பழைய பழக்கம். ‘துருக்கியன்’ என்று பெயர் பெற்ற சதுரங்க பொம்மையை மெல்செல் என்பவர் அமெரிக்க ஊர்களில் காட்சிக்கு வைத்தார். ரிச்மண்டில் அதைப் பார்த்த போ, உள்ளே ஒரு மனிதன் ஒளிந்திருக்கிறான் என்று 1836இல் கட்டுரை எழுதினார். அவருடைய காரணங்களில் சில பிசகினாலும் முடிவு சரி, உள்ளே ஆள் இருந்தான். அன்று அந்த மெய்நிகர் அறையில் நின்றபோது இது நினைவுக்கு வந்து உடல் சிலிர்த்தது. சுற்றி நின்ற பொம்மைகள் ஒவ்வொன்றுக்குள்ளும் எங்கோ ஒரு ஊரில் ஒரு மனிதர் இருந்தார். ஆள் இல்லாத ஒரே உருவம் அந்தப் பறவைதான். எல்லோரும் அதனிடம்தான் பேசினார்கள்.

இந்தக் கவிதையைத் திரைப்படமாகவும் நாடகமாகவும் குரல் பதிவாகவும் எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள். அவற்றிலெல்லாம் கேள்வி கேட்பவன் வேறொருவன், நாம் பார்த்துக்கொண்டிருப்போம். இங்கே கேள்வி நம் கையில் கொடுக்கப்பட்டது. போவின் திகில் பறவையில் இல்லை, இருட்டில் இல்லை. தெரிந்த பதிலைத் தேடிப் போய்க் கேட்கும் நம்மிடம் இருக்கிறது. வகுப்பறையில் எனக்கு எட்டாதது இதுதான்.

கட்டியவரோடு அன்றே பேச முடிந்தது. பகலில் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை என்று மட்டும் தன்னைப் பற்றிச் சொன்னார். மற்றபடி வேலையைப் பற்றித்தான் பேச்சு. அங்கே சாதாரணமாகப் பேசினால் 20 மீட்டர் தூரத்துக்குக் கேட்கும், அந்த எல்லைக்குள் வரும் எல்லாச் சொற்களையும் பறவை கேட்டுக்கொண்டிருக்கும், கேள்விக்குறியில் முடியும் வரிக்கு மட்டும் பதில் சொல்லும் என்றார். ஆரம்பத்தில் பதில் உடனே வரும்படி வைத்தாராம். கணக்குப் பொறியில் பொத்தானை அமுக்கியதுபோல் இருந்ததாம். ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று தாமதத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, கேட்டவர் ‘ஒருவேளை இந்த முறை’ என்று நினைப்பதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவில் நிறுத்தினாராம். எனக்கு அதன் பிறகு பேச்சே எழவில்லை.

தரையைப் பார்க்கச் சொன்னார். பறவையின் நிழல் அறை நடுவே நீளமாக விழுந்திருந்தது. அந்தக் காலத்தில் செகண்ட் லைஃபில் பொருள்களுக்கு உண்மையான நிழல் கிடையாது, கணினிகள் அதைத் தாங்காது. அதனால் கறுப்புச் சாயத்தைக் கண்ணாடிபோல் மெலிதாக்கி, இறக்கையின் வடிவில் வெட்டி, தரைமேல் ஒரு தகடாகப் பதித்திருந்தார். விளக்கை எங்கே நகர்த்தினாலும் அது நகராது. நாங்கள் எல்லோரும் வந்ததிலிருந்து அந்த நிழலுக்குள்தான் நின்றுகொண்டிருந்தோம். கவிதையை முடிவுவரை படித்தவர்களுக்கு அந்தத் தகடு ஏன் நகரக் கூடாது என்று தெரியும்.

அறைக்குப் பக்கத்தில், பலர் கவனிக்காமல் போன ஒரு சிறு கதவு. உள்ளே ஒரு கட்டில், வைக்கோல் மெத்தை, மேலே ஓர் ஆணின் பழைய கோட்டு, கோட்டின் மேல் ஒரு பூனை. வேறெதுவும் இல்லை. இது கவிதையில் வருவதல்ல, போ பின்னாளில் குடியிருந்த ஃபோர்ட்ஹாமில் நடந்தது. போவின் மனைவி வர்ஜீனியா 1842 ஜனவரியில் பாடிக்கொண்டிருந்தபோது இரத்தம் கக்கினாள். காசநோய். ஐந்து ஆண்டுகள் தேறுவதும் விழுவதுமாக இருந்து, 1847 ஜனவரி 30 அன்று, 24 வயதில், ஃபோர்ட்ஹாமின் சின்ன வீட்டில் இறந்தாள். கணவனின் கோட்டைப் போர்த்தி, சூட்டுக்குப் பூனையை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள் என்று பார்க்கப் போனவர் எழுதி வைத்திருக்கிறார். ஆக, ‘தி ரேவன்’ வெளிவந்தபோது வர்ஜீனியா உயிரோடு இருந்தாள். இழந்த பின் எழுதிய புலம்பல் என்று நான் நெடுநாள் எண்ணியிருந்த கவிதை, இழக்கப்போகிறோம் என்று தெரிந்து, அவள் நோயோடு போராடிய நாட்களில் எழுதியது. கவிதையில் வருபவனின் கேள்விகளுக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று அந்தக் கட்டிலைப் பார்த்த பிறகு எனக்கு விளங்கியது.

பிறகொரு நாள் நான் தனியாகப் போனேன். அங்கே யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன். கங்கு கனன்றது, திரைச்சீலை அசைந்தது, பறவை இருந்தது. அப்பாவைப் பற்றிய கேள்வியைத் தமிழில் அடித்தேன். என்ன கேட்டேன் என்பதை இங்கே எழுத மனம் வரவில்லை. கேள்விக்குறி போட்டு அனுப்பினேன். தமிழ் எழுத்துகள் அதற்கு ஒன்றும் புரிந்திருக்காது, ஆங்கிலமும் அதற்குப் புரிந்ததில்லை. கடைசிக் குறியை மட்டும் பார்த்தது. அந்த இரண்டு மூன்று விநாடித் தாமதத்தில் நான் உண்மையாகவே எதையோ எதிர்பார்த்தேன். பதில் வந்தது. மருத்துவமனையிலும் அழாத, சுடுகாட்டுக்கு அண்ணன் போய் வந்த அன்றும் அழாத நான், ஒரு ஸ்கிரிப்டின் முன்னால் அழுதேன். அதன் பிறகு அப்பாவின் பெயரைக் கதவருகே போய் அந்த இருட்டிடம் சொன்னேன். அது பெயரைத் திருப்பித் தந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

கண்காட்சி நவம்பர் தாண்டியும் இருந்தது. புது வருஷத்திலும் இருந்ததாகத் தோழி சொன்னாள். பிறகு எப்போதோ இல்லாமல் போயிற்று. நான் சேமித்து வைத்திருந்த முகவரியைச் சொடுக்கினால் அப்படி ஓர் இடமே இல்லை என்று செய்தி வந்தது. மாத வாடகை நின்றால் நிலம் போய்விடும், மேலே இருந்த பொருள்கள் அவரவர் கணக்கில் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்ற உறைக்குள் போய் விழும். வீடு, கணப்பு, திரைச்சீலை, நிழல் எல்லாம் அப்படி ஓர் உறைக்குள் மடங்கிக் கிடக்கலாம், கட்டியவர் கணக்கையே மூடியிருந்தால் அதுவும் இல்லை. நாங்கள் எடுத்த படங்கள் சில இருக்கின்றன. அவற்றில் பறவை நன்றாகவே தெரிகிறது. கேட்காது, அவ்வளவுதான்.

இந்த வேலைகள் அழியும் என்று தெரிந்தவர்கள் அன்றே இருந்தார்கள். அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் ஆதரவோடு இல்லினாய், மேரிலாண்ட், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகங்களும் ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து 2008 முதல் 2010 வரை மெய்நிகர் உலகங்களைப் பாதுகாப்பது எப்படி என்று ஆராய்ந்தன. அவர்கள் முட்டி நின்ற சுவர்களில் ஒன்று தொழில்நுட்பம் சாராதது. ஒரு தீவில் உள்ள நாற்காலி ஒருவர் செய்தது, செடி இன்னொருவர் செய்தது, ஸ்கிரிப்ட் மூன்றாமவர் எழுதியது. நகல் எடுக்க அத்தனை பேரிடமும் அனுமதி வேண்டும். அவர்களை எங்கே போய்த் தேடுவது? 1845இல் ஒரு கவிஞர் குளிர் காய்ந்த கணப்பின் பலகையை ஒரு பல்கலைக்கழகம் பத்திரமாக வைத்திருக்கிறது. அந்தக் கவிதையை எனக்குப் புரியவைத்த அறை பன்னிரண்டு மாதம்கூட நின்றதா என்பது சந்தேகம்.

மெய்நிகர் வெளிகளில் இப்போதும் பலர் இலக்கியத்தைக் கட்டிப் பார்க்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் செய்கிறார்கள், தனியாக உட்கார்ந்து இரவெல்லாம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். வாடகை இடத்தில் மட்டும் உங்கள் வேலையை விட்டுவைக்காதீர்கள். ஓப்பன்சிமுலேட்டர் போன்ற திறந்த மென்பொருளில் ஒரு தீவு முழுவதையும் ஒரே கோப்பாகச் சேமிக்க முடியும், அதற்கேற்ப உங்கள் பொருள்களுக்கு நகல் அனுமதி கொடுத்து வையுங்கள். பிறர் செய்த பொருளைப் பயன்படுத்தினால் அவர்கள் இருக்கும்போதே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஸ்கிரிப்டைத் தனிக் கோப்பாக, எதற்காக எத்தனை விநாடி தாமதம் வைத்தீர்கள் என்ற குறிப்போடு, ஒரு நூலகத்தில் கொடுத்துவையுங்கள். நூலகர்களே, யாராவது அப்படி ஒரு கோப்போடு வந்தால் விளையாட்டுச் சமாச்சாரம் என்று திருப்பி அனுப்பாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.